அறிவியல் கணக்கீட்டுக்கான பைத்தான் தொகுப்புகள்: நிறுவும் பொறுப்பை மாணவரிடம் தள்ளிவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு ஆகிய படிப்புகளில் சேர மாணவர்கள் காட்டும் ஆர்வத்தைப் பற்றித் தங்கள் நாளிதழும் பிற இதழ்களும் தொடர்ந்து எழுதி வருகின்றன. அந்தப் படிப்புகளுக்கு மட்டுமல்லாமல் இயற்பியல், வேதியியல், புள்ளியியல், பொறியியல் மாணவர்களுக்கும் இன்று அடிப்படைக் கருவிகளாகிவிட்ட நம்பை (எண் கணக்குகள்), சைபை (அறிவியல் கணக்குகள்), பாண்டாஸ் (தரவு அட்டவணைகள்), மேட்பிளாட்லிப் (வரைபடங்கள்) ஆகிய, பைத்தான் என்னும் நிரலாக்க மொழிக்கான நிரல்தொகுப்புகளை ஒரு கணினியில் முறையாக நிறுவுவது என்னும் முதல் வேலையைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. அந்த வேலை மாணவர் தாமே வீட்டில் முடித்துக்கொண்டு வர வேண்டிய ஒன்றாகவே பல இடங்களில் கருதப்படுகிறது. முதல் பருவத்தில் ஆர்வத்தோடு வரும் மாணவர்களில் கணிசமானோர் மனம் தளர்வது நிரலாக்கத்தின் கடினத்தால் அல்ல, இந்த நிறுவும் கட்டத்தில்தான் என்பதை ஆய்வகத்தில் நேரில் காண்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதனை ஒரு சிறிய தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தொகுப்புகள் எப்படி உருவானவை என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான், இவற்றை நிறுவுவது ஏன் ஓர் எழுத்துருவையோ பாட்டு கேட்கும் மென்பொருளையோ நிறுவுவது போல அமைவதில்லை என்பது விளங்கும்.

கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான், படிக்கவும் எழுதவும் எளிதாக இருக்க வேண்டும் என்ற நோக்கில் அமைந்த மொழி. எண்களை மிக வேகமாகக் கையாளுவது அதன் முதல் நோக்கம் அன்று. ஆயிரம் கிடை வரிசையும் ஆயிரம் செங்குத்து வரிசையும் கொண்ட இரண்டு எண் அணிகளைப் பெருக்க 100 கோடி பெருக்கல்கள் தேவை. அதனைப் பைத்தானின் சாதாரண மடக்குகளை, அதாவது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளைகளை, கொண்டு செய்தால் நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே கணினியில் நம்பை அதனை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிடும். இந்த வேகம் பைத்தானிலிருந்து வருவதில்லை. நம்பையின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அணிக் கணக்குகளை அது பிளாஸ், லேபேக் என்ற இரண்டு பழைய தொகுப்புகளின் வழியாகச் செய்கிறது. பிளாஸ் 1979-இல் வெளிவந்தது. லேபேக் 1992-இல் வெளிவந்தது. இரண்டும் ஃபோர்ட்ரான் மொழியில் பிறந்தவை. அந்த ஃபோர்ட்ரானோ ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் 1957-இல் வெளியிட்ட மொழி. வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பது, தொகையிடுவது, சிறுமம் காண்பது போன்ற வேலைகளுக்காக 2001-இல் தொடங்கப்பட்ட சைபையும் இவ்வாறே பல பத்தாண்டுகளாகச் சோதித்துத் தேறிய ஃபோர்ட்ரான் நிரல்களைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டு வளர்ந்தது. ஜிம் ஹியூகுனின் 1995-இல் உருவாக்கிய நியூமெரிக் என்ற தொகுப்பின் வழித்தோன்றலாக, டிராவிஸ் ஆலிஃபன்ட் 2006-இல் நம்பையின் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டபோதே இந்த அமைப்பு உறுதிப்பட்டுவிட்டது.

ஆகவே ஒரு மாணவி தன் கணினியில் சைபையை நிறுவுகிறாள் என்றால், அவள் பைத்தான் கோப்புகள் சிலவற்றை மட்டும் படியெடுக்கவில்லை. அவளுடைய இயக்க அமைப்புக்கும், நுண்செயலிக்கும், அவள் வைத்துள்ள பைத்தான் பதிப்புக்கும் பொருந்தும்படி முன்கூட்டியே பெயர்த்து வைக்கப்பட்ட இயந்திர மொழிக் கோப்புகளை அவள் பெற்றாக வேண்டும். அவை கிடைக்காவிட்டால் மூல நிரலை எடுத்து அவளே பெயர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு சி மொழிக்கு ஒரு நிரல்பெயர்ப்பி (எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), ஃபோர்ட்ரானுக்கு ஒரு நிரல்பெயர்ப்பி, பிளாஸ், லேபேக் ஆகியவற்றின் ஏற்ற வடிவம் அனைத்தும் அவளிடம் இருக்க வேண்டும். லினக்ஸில் இவை எளிதாகக் கிடைக்கும். விண்டோஸில் நிலைமை வேறு. பைத்தானையே மைக்ரோசாஃப்டின் சி நிரல்பெயர்ப்பியைக் கொண்டுதான் உருவாக்குகிறார்கள். அதனோடு ஒத்துப்போகும் இலவச ஃபோர்ட்ரான் நிரல்பெயர்ப்பி நெடுங்காலம் இல்லை. இதனால் 2017 அக்டோபரில் சைபை 1.0 பதிப்பு வெளியாகும் வரை விண்டோஸ் பயனர்களுக்கு, பைத்தானின் நிறுவியான பிப் மூலம் நேராக நிறுவத்தக்க அதிகாரபூர்வ சைபை கோப்பே இருக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கோல்கே, நூற்றுக்கணக்கான தொகுப்புகளை விண்டோஸுக்குத் தாமே பெயர்த்து ஒரு பக்கத்தில் இட்டு வைத்தார். உலகெங்கும் எத்தனையோ ஆய்வகங்கள் அந்த ஒரு மனிதரின் உழைப்பில்தான் ஓடின. அறிவியல் வரலாற்றில் இத்தகைய உழைப்புக்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது நிலைமை பெரிதும் மேம்பட்டுவிட்டது என்பதை மறுக்க முடியாது. முன்பெயர்ப்புச் செய்த கோப்புகளுக்கு ‘வீல்’ என்ற பொது வடிவம் வந்துவிட்டது. பைத்தானோடு வரும் பிப், பைபிஐ என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து நம் கணினிக்குப் பொருந்தும் வீல் கோப்பைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. எல்லாம் பொருந்தி வந்தால் ஒரே வரியில், இரண்டு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பாடம் நடத்தும் நம்மில் பலருடைய கணினிகளில் எல்லாம் பொருந்தியே இருப்பதால், மாணவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

பொருந்தாத இடங்கள் எவை என்று பார்க்க வேண்டும். ஒரு வீல் கோப்பின் பெயரிலேயே அது எதற்குரியது என்பது எழுதப்பட்டிருக்கும். ‘சிபி311’ என்று இருந்தால் அது பைத்தான் 3.11 பதிப்புக்கு மட்டுமே உரியது. ‘வின் ஏஎம்டி64’ என்று இருந்தால் 64 பிட் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. பைத்தானின் புதிய பதிப்பு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில் வெளிவருகிறது. அது வெளிவந்த நாளிலேயே எல்லாத் தொகுப்புகளுக்கும் உரிய வீல் கோப்புகள் தயாராகிவிடும் என்று சொல்ல முடியாது. பெரிய தொகுப்புகள் விரைந்து வந்துவிடும், சிறிய குழுக்கள் பராமரிப்பவை வாரங்களோ மாதங்களோ பிந்தும். நம் கல்லூரிகளின் இரட்டைப்படைப் பருவம் தொடங்குவதும் ஏறத்தாழ அதை அடுத்த மாதங்களில்தான். மாணவர் பைத்தான் தளத்திற்குச் சென்று, முகப்பில் பெரிதாகத் தெரியும் ஆகப் புதிய பதிப்பை இறக்கி நிறுவுகிறார். பிறகு ஆசிரியர் சொன்ன தொகுப்பைக் கேட்கிறார். பொருந்தும் வீல் இல்லாததால் பிப் மூல நிரலை இறக்கித் தானே பெயர்க்க முயல்கிறது. சில நிமிடங்கள் கழித்து, மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை என்று சிவப்பு எழுத்துகளில் ஒரு நீண்ட பிழைச்செய்தி வந்து நிற்கிறது. அச்செய்தியை அப்படியே நம்பிப் பல ஜிபி அளவுள்ள அந்தக் கருவிகளை இறக்கத் தொடங்கும் மாணவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களுக்குத் தேவையானது அந்தக் கருவிகள் அல்ல. ஓராண்டு பழைய பைத்தான் பதிப்பு. இதை அவர்களுக்கு எந்தப் பிழைச்செய்தியும் சொல்வதில்லை.

பழைய கணினிகளின் நிலை இதற்கு நேர் எதிரானது. விண்டோஸ் 7 உள்ள கணினியில் பைத்தான் 3.8 வரைதான் நிறுவ முடியும், 3.9 முதல் அந்த இயக்க அமைப்புக்கு ஆதரவு இல்லை. பைத்தான் 3.8-க்குக் கிடைக்கும் கடைசி நம்பை வரிசை 1.24; கடைசி சைபை வரிசை 1.10. முன்பு 32 பிட் விண்டோஸுக்கும் சைபை கிடைத்தது. அண்மைப் பதிப்புகளுக்கு அந்த வகைக் கோப்புகளை அக்குழு வெளியிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ பெற்ற கணினியையே இன்று தம்பியும் தங்கையும் பயன்படுத்தும் வீடுகள் பல உண்டு. அத்தகைய கணினியிலும் இளநிலைப் பாடத்திற்குத் தேவையான கணக்குகள் அனைத்தையும் செய்ய முடியும். ஊசலின் இயக்கச் சமன்பாட்டைத் தீர்க்கவும், ஓர் அணியின் ஐகன் மதிப்புகளைக் காணவும், ஃபூரியர் உருமாற்றம் செய்யவும் 1.24 பதிப்பு நம்பை தாராளமாகப் போதும். ஆனால் எந்தப் பதிப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததால், கணினி பழையது, இதில் முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகிறார்கள். புதிய கணினி வாங்கும்படி பெற்றோரிடம் கேட்கும் நிலையும் ஏற்படுகிறது. பதிப்பு எண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லாததற்காக ஒரு குடும்பம் நாற்பதாயிரம் ரூபாய்க்கு வழி தேட வேண்டியிருப்பது மிகுந்த வேதனை தருகிறது.

இன்னொரு பெருந்தொல்லை, ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான்கள் இருப்பது. பள்ளியில் படித்தபோது நிறுவியது ஒன்று, இணையவழி வகுப்புக்காக நிறுவியது ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வந்தது ஒன்று என மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கும். பிப் ஒன்றில் தொகுப்பை நிறுவும். மாணவர் எழுதும் நிரல் மற்றொன்றில் ஓடும். நம்பை என்ற பெயரில் எதுவும் இல்லை என்று பைத்தான் கைவிரிக்கும். கண்ணெதிரே நிறுவப்பட்டதாகச் செய்தி வந்த பிறகு இல்லை என்று சொன்னால் எந்த மாணவரும் குழம்பத்தான் செய்வார். ‘பிப் இன்ஸ்டால்’ என்று நேராக எழுதாமல், ‘பைத்தான்’ என்று தொடங்கி ‘மைனஸ் எம் பிப் இன்ஸ்டால்’ என்று எழுதச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பைத்தானை அழைக்கிறோமோ அதற்குள்ளேயே தொகுப்பு சென்று சேரும். இது ஒரு சிறு பழக்கம். முதல் வகுப்பிலேயே இதைப் பழக்கிவிட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அதுபோலவே, மாணவர் தம் பயிற்சிக் கோப்புக்கு நம்பை என்றே பெயர் சூட்டிவிட்டால், பைத்தான் உண்மையான தொகுப்பை விட்டுவிட்டு அந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளும் என்பதையும் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் அண்மையில் ஒரு மாற்றம் வந்துள்ளது. லினக்ஸ் வகைகளில் 2023-இல் வெளிவந்த டெபியன் 12 பதிப்பிலும், அதே ஆண்டின் உபுண்டு 23.04 பதிப்பிலும் தொடங்கி, அமைப்போடு வரும் பைத்தானுக்குள் பிப் மூலம் எதையும் நேராக நிறுவ முடியாது. அது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்ற மறுப்புச் செய்தி வரும். இந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே கருதுகிறேன். அமைப்பின் பைத்தானைக் கெடுத்துக்கொண்டு மேசைத்திரையே வராமல் தவித்த கணினிகள் பல உண்டு. ஒவ்வொரு பாடத்திற்கும் தனியாக ஒரு மெய்நிகர் சூழலை, அதாவது பிற தொகுப்புகளோடு கலக்காத ஒரு தனிக் கோப்புறையை, உருவாக்கி அதற்குள் தொகுப்புகளை நிறுவுவதே எல்லா இயக்க அமைப்புகளிலும் பாதுகாப்பான வழி. ஆனால் நம் ஊர்ப் பயிற்சிக் கையேடுகள் பலவும் இன்னும் பழைய கட்டளையையே அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த மறுப்புச் செய்தியைக் கண்டவுடன், தடையை உடைத்துக்கொண்டு போகும் கட்டளையை இணையத்தில் எங்கோ பார்த்து மாணவர்கள் படியெடுத்து இடுகிறார்கள்.

2024 ஜூன் மாதத்தில் நம்பை 2.0 வெளியானபோது நடந்ததும் இங்கே குறிப்பிடத்தக்கது. நம்பையின் பழைய வரிசைக்கு ஏற்பப் பெயர்க்கப்பட்ட பிற தொகுப்புகள் புதிய வரிசையோடு சேர்ந்து இயங்காத வகையில் அதன் உள்ளமைப்பு மாறியது. மாற்றத்தை அக்குழுவினர் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதிப்பு எண் குறிப்பிடாமல் தொகுப்புகளை நிறுவும் வழக்கமுள்ள எந்த ஆய்வகத்திலும், முந்தைய மாதம் ஓடிய நிரல் அடுத்த மாதம் ஓடாமல் போகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஓராண்டுக்கு இன்ன பைத்தான், இன்ன நம்பை, இன்ன சைபை என்று எழுதி வைத்துவிட்டு, அந்த ஆண்டு முழுவதும் அதிலேயே நிற்கும் ஒழுங்கு ஆய்வகங்களுக்கு வேண்டும். கருவியின் பெயரையும் அதன் அளவீட்டு நுட்பத்தையும் குறிக்காத செய்முறைப் பதிவேட்டை இயற்பியல் ஆசிரியர் எவரும் ஏற்பதில்லை. கணக்கீட்டுச் செய்முறையில் மட்டும் பதிப்பு எண் இல்லாமல் எப்படி ஏற்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

இத்தனை தொல்லைகளுக்கும் பைத்தானையும் அறிவியல் தொகுப்புகளையும் சேர்த்துத் தரும் அனகோண்டா என்ற ஒருங்கிணைந்த தொகுப்பே தீர்வு என்று பலர் சொல்வார்கள். ஃபோர்ட்ரான் சிக்கல் தீராமல் இருந்த ஆண்டுகளில் அது செய்த உதவி பெரிது. ஆனால் அதன் முழு நிறுவி ஏறத்தாழ ஒரு ஜிபி அளவுடையது. நிறுவிய பின் வட்டில் அதைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். மேலும் 2020-இல் அந்நிறுவனம் தன் களஞ்சியத்திற்கான விதிமுறைகளை மாற்றி, 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களின் பயன்பாட்டுக்குக் கட்டணம் விதித்தது. கல்விப் பயன்பாட்டுக்குச் சலுகை உண்டு என்றாலும், கல்லூரி நிர்வாகங்கள் அந்த விதிகளைப் படித்துப் பார்க்காமல் ஆய்வகம் முழுவதும் நிறுவிவிடுவது முறையன்று. சமூகத்தினர் பராமரிக்கும் கோண்டா ஃபோர்ஜ் களஞ்சியமும் அதனைச் சார்ந்த மினிஃபோர்ஜ் நிறுவியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அனகோண்டாவின் நிறுவியான கோண்டா தேவைப்படுவோர் அதனை நாடலாம்.

கணினியில் எதையும் நிறுவாமல் கூகுள் கோலாப் வழியாக உலாவியிலேயே செய்துகொள்ளலாம் என்பது மற்றொரு யோசனை. நல்ல இணைய இணைப்பு உள்ளவர்களுக்கு அது பயனுள்ளது. நானும் வகுப்பில் காட்டுகிறேன். எனினும் அதையே ஒரே வழியாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. செய்முறைத் தேர்வு நாளில் இணைப்பு அறுந்தால் தேர்வே நின்றுவிடும். ஆய்வகக் கருவியிலிருந்து அளவீட்டைக் கணினி நேராகப் பெற வேண்டுமானால், தொலைவில் உள்ள கணினியில் ஓடும் நிரலால் அதைச் செய்ய முடியாது. தன் கணினியில் தன் கையால் ஒரு கருவியைப் பொருத்தி ஓடச்செய்த மாணவருக்கு வரும் தன்னம்பிக்கையும் அதில் வராது.

பிறகு என்னதான் வழி என்று கேட்பவர்களுக்கு, செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். பிப் நிறுவிக்கு ‘டவுன்லோட்’ என்று ஒரு கட்டளை உண்டு. இணையம் உள்ள ஒரே ஒரு கணினியில், முடிவு செய்துகொண்ட பதிப்பு எண்களோடு அக்கட்டளையை இட்டால், கேட்ட தொகுப்புகளையும் அவை சார்ந்திருக்கும் பிற தொகுப்புகளையும் வீல் கோப்புகளாக ஒரு கோப்புறையில் சேர்த்துத் தந்துவிடும். ஆய்வகக் கணினிகளில் உள்ள அதே இயக்க அமைப்பும் அதே பைத்தான் பதிப்பும் அந்தக் கணினியில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நம்பை, சைபை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் ஆகிய நான்கும் அவற்றுக்குத் துணையானவையும் சேர்ந்து நூறு எம்பிக்குச் சற்று முன்பின்னாகத்தான் வரும். பைத்தான் நிறுவியையும் அதோடு வைத்தால் எல்லாம் ஒரு சிறிய பென்டிரைவில் அடங்கிவிடும். பின்னர் ஒவ்வொரு கணினியிலும், களஞ்சியத்தைத் தேடாதே, இந்தக் கோப்புறையில் மட்டும் தேடு என்று பொருள்படும் இரண்டு குறிப்புகளைச் சேர்த்து நிறுவும் கட்டளையை இட்டால் இணையமே இல்லாமல் வேலை முடிந்துவிடும். முப்பது, நாற்பது கணினிகள் உள்ள ஆய்வகத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே அதே கோப்புகளை இறக்கிக்கொண்டு இணைப்பை மூச்சுத்திணற வைப்பதும் இதனால் தவிர்க்கப்படும். மாணவர்கள் அதே பென்டிரைவை வீட்டுக்கு எடுத்துச் சென்று தங்கள் கணினியில் அதே பதிப்புகளை நிறுவலாம். கைபேசியின் தினசரித் தரவு அளவை நம்பியே படிக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பைபிஐ களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு தொகுப்பைப் பதிவேற்றலாம். புகழ்பெற்ற தொகுப்புகளின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலிகளை இட்டு வைக்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. 2017-இல் ஸ்லோவாக்கியா நாட்டின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் இத்தகைய பத்துப் போலித் தொகுப்புகளைக் கண்டறிந்து எச்சரித்தது. மூல நிரலாக வரும் தொகுப்பை நிறுவும்போதே அதிலுள்ள நிரல் நம் கணினியில் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், பெயரைத் தட்டச்சுச் செய்யும்போது நேரும் ஒரு சிறு பிழையே ஆபத்தாகலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் தடுமாறும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இதற்கு எளிதில் இலக்காவார்கள். ஆசிரியர் ஒருவர் சரிபார்த்துத் திரட்டிய கோப்புறையிலிருந்து மட்டும் நிறுவும்போது இந்த அச்சம் இல்லை.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. அதன் இறுதிப் பகுதியில் மேட்பிளாட்லிப் கொண்டு கோட்டு வரைபடமும் வட்ட விளக்கப்படமும் பட்டை வரைபடமும் வரையும் பாடம் இருக்கிறது; தொகுப்பை நிறுவும் கட்டளையும் அதில் தரப்பட்டுள்ளது. பள்ளி மாணவருக்கு இத்தகைய பாடத்தைத் தமிழிலேயே தந்திருப்பது பாராட்டுக்குரியது. ஆனால் அந்தக் கட்டளை இணைய இணைப்பு இருப்பதாகவும், முதல் முயற்சியிலேயே எல்லாம் பொருந்திவிடும் என்றும் கருதி எழுதப்பட்டது. கிராமப்புற மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் அந்த இரண்டும் எப்போதும் அமைவதில்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிகளுக்கென்றே, அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, பாடங்களுக்குத் தேவையான மென்பொருள்கள் அனைத்தும் முன்பே நிறுவப்பட்ட இயக்க அமைப்பைத் தயாரித்து வழங்குகிறது. ஆசிரியர் நேரம் பாடத்திற்குச் செல்கிறது. நம் மாநிலத்தில் அதைச் செய்யும் ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பாஸ் லினக்ஸ் இயக்க அமைப்பை மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியதே சென்னையில்தான். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கட்டற்ற மென்பொருள் பாடங்கள் பல தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. கணியம் இதழைப் போன்ற தன்னார்வ முயற்சிகள் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் குறித்து எழுதிக் குவித்திருக்கின்றன. ஆள்பலமும் மொழிவளமும் இருக்கின்றன. ஒருவர் பொறுப்பேற்றுச் செய்வதுதான் மீதம்.

எனவே பள்ளிக் கல்வித் துறையும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும், பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களும் இதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன். ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் உரிய பைத்தான் பதிப்பையும் தொகுப்புகளின் பதிப்புகளையும் பாடத்திட்டத்திலேயே எண்ணோடு குறிப்பிட வேண்டும். அவற்றின் வீல் கோப்புகளை 64 பிட் விண்டோஸுக்கு ஒன்று, விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகளுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று எனத் திரட்டி, சோதித்து, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்ப வேண்டும். நிறுவும் முறையையும், வழக்கமாக வரும் பிழைச்செய்திகளுக்கு என்ன பொருள், என்ன செய்ய வேண்டும் என்பதையும் எளிய தமிழில் நான்கைந்து பக்கங்களில் அச்சிட்டுத் தர வேண்டும். அந்தப் பிழைச்செய்திகளின் ஆங்கில வரிகளை அப்படியே தந்து அதன் கீழே விளக்கம் எழுதுவது முக்கியம். திரையில் பார்ப்பதையும் தாளில் இருப்பதையும் மாணவர் அப்போதுதான் ஒப்பிட முடியும். செய்முறைப் பாடவேளைகளில் முதல் இரண்டை நிறுவுவதற்கென்றே ஒதுக்கி, அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். தொகுப்பை நிறுவி அதன் பதிப்பு எண்ணைத் திரையில் அச்சிட்டுக் காட்டும் மாணவர் ஒரு முழுமையான செய்முறையைத்தான் செய்து முடித்திருக்கிறார். இந்தப் பணிக்கு ஆய்வக உதவியாளர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி தேவை. கணினிகளைத் தினமும் பார்த்துக்கொள்பவர்கள் அவர்களே. ஆனால் பயிற்சி வகுப்புகளுக்கு அவர்களை அழைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

கோடை விடுமுறையிலேயே பதிப்புகளை முடிவு செய்து கோப்புகளைத் திரட்டிவிட்டால், ஜூன் மாதத்தில் கல்லூரிகள் திறக்கும்போது ஆய்வகங்கள் தயாராக இருக்கும். அக்டோபரில் வெளிவரும் புதிய பைத்தானை அந்த ஆண்டு தொட வேண்டியதில்லை. அடுத்த கோடையில் சோதித்து ஏற்றுக்கொள்ளலாம். திரட்டும் பணிக்கும் கையேட்டைத் தமிழில் எழுதும் பணிக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஊதியம் எதிர்பாராமல் உதவ முன்வருவோம் என்பதையும் தங்கள் நாளிதழின் வாயிலாக உரியவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.